வாடகை, தவணையில் பாதிகூட வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு-மனை இணைப்பில் ‘வாடகையிலேயே தவணை கட்டலாம்’, ‘20 சதவீதம் கையில் இருந்தால் போதும்’ என்ற இரண்டு வாசகங்கள் இல்லாத வாரம் இல்லை. விளம்பரம் என்றால் அப்படித்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதலீட்டுக் கட்டுரைகளிலும் வாசகர் கேள்வி-பதில்களிலும் அதே வாசகங்கள் கணக்குப் பார்க்கப்படாமல் ஏறிவிடுகின்றன. குடியிருக்க வாங்கும் வீட்டின் கணக்கு வேறு. சொந்தக் கூரைக்குக் கொடுக்கும் விலையில் நிம்மதியும் சேர்த்தி. வாடகைக்கு விட்டு, விலை ஏறியதும் விற்கலாம் என்று இரண்டாவது ஃபிளாட் வாங்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சென்னைப் புறநகரில் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை 60 லட்சம் ரூபாய். இதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 3 லட்சம். 2023 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் புதிய ஃபிளாட்டுகளின் முதல் விற்பனை, நிலத்தின் பிரிபடாத பங்கையும் (மொத்த நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பாகம்) கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில்தான் பதிவாகிறது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எல்லாவற்றுக்கும் பொது. நமது ஃபிளாட்டுக்கு 5-உம் 2-உம் சேர்ந்து 7 சதவீதம் என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம். கடன் வாங்கும்போது வங்கியில் அசல் பத்திரத்தை ஒப்படைப்பதைப் பதிவு செய்ய, கடன் தொகையில் அரை சதவீதமும் பதிவுக் கட்டணமுமாக ஏறக்குறைய 30 ஆயிரம். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 25 ஆயிரம். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கான வைப்புத்தொகையும் குடியிருப்போர் சங்கத்தின் கார்பஸ் நிதியும் (பொதுப் பராமரிப்புக்கான இருப்பு) ஒன்றரை லட்சம் என்று வைப்போம். வாடகைக்கு விடும் நிலைக்குக் கொண்டுவர அலமாரி, சமையலறை ஷெல்ஃப், விளக்கு, மின்விசிறி, கிரில், கொசுவலை என்று 3 லட்சம். இது சிக்கனமான கணக்குதான்.

கூட்டினால் 72 லட்சத்து 25 ஆயிரம். விளம்பர விலையைவிட 20 சதவீதம் அதிகம். இதில் வங்கி எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் உச்சவரம்பு. சிறிய வீடுகளைத் தவிர, அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் சேராது. ஆகவே கடன் அதிகபட்சம் 48 லட்சம். மீதி 24 லட்சத்து 25 ஆயிரம் கையிலிருந்து போக வேண்டும். ‘20 சதவீதம் போதும்’ என்ற வாசகம் இங்கேயே விழுந்துவிடுகிறது. கையில் இருக்க வேண்டியது ஒப்பந்த விலையில் 40 சதவீதம். வங்கியின் மதிப்பீட்டாளர் ஃபிளாட்டை 56 லட்சம் என்று மதிப்பிட்டால் 80 சதவீதம் அந்த 56 லட்சத்துக்குத்தான். ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கணக்குப் போடும். முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால், அந்த இடைவெளியைத் தங்கநகைக் கடனும் சீட்டும் ‘ரெண்டு வட்டி’யும்தான் நிரப்பும். நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 8 லட்சத்துக்கு மாதம் 16 ஆயிரம் வட்டியிலேயே கரையும், அசல் அப்படியே நிற்கும். சீட்டை நடுவில் தள்ளி எடுப்பவர்கள் தள்ளுபடியை மட்டும் பார்க்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றி இன்னும் ஒரு விஷயம். 45 லட்சத்துக்கு மிகாத விலையும், பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்கு மிகாத கார்ப்பெட் பரப்பும் (வீட்டுக்குள் புழங்கும் தளப்பரப்பு) இருந்தால் வரி 1 சதவீதம்தான். மற்ற ஊர்களில் பரப்பு வரம்பு 90 சதுர மீட்டர். ஆகவே 900 சதுர அடி கார்ப்பெட் பரப்புள்ள 45 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்குக் கோவையில் 45 ஆயிரம் வரி, சென்னையில் 2 லட்சத்து 25 ஆயிரம். கட்டுமானம் முடிந்து நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கப்படும் ஃபிளாட்டுக்கும், பழைய ஃபிளாட்டின் மறுவிற்பனைக்கும் ஜிஎஸ்டி கிடையாது. மறுவிற்பனையில் அந்த 5 சதவீதம் மிச்சம்தான், ஆனால் முதல் விற்பனைக்குக் கிடைக்கும் சலுகை விகிதம் அங்கே இல்லை. வழக்கமான 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. பழைய கட்டடம் என்றால் அதன் மிச்ச ஆயுளைப் பார்த்து வங்கி கடன் காலத்தைக் குறைக்கும். எதிர்காலத்தில் இடித்துக் கட்டும்போது கையில் நிற்பது பிரிபடாத பங்கு மட்டும்தான். 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 250 சதுர அடி நிலமா, 550 சதுர அடி நிலமா என்பதில் விலையே மாறிவிடும்.

இனி தவணை. 48 லட்சம், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 40,149 ரூபாய். முதல் மாதத் தவணையில் 32,000 வட்டி, அசலில் கழிவது 8,149 மட்டும். ஐந்து வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் கட்டிய தொகை 24 லட்சத்து 9 ஆயிரம், கடன் பாக்கி இன்னும் 42 லட்சம். அதாவது 18 லட்சம் வட்டிக்கே போய்விட்டது. காலத்தை 30 வருடமாக நீட்டினால் தவணை 35,221 ஆகக் குறையும். மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவான இந்தச் சலுகைக்காக மொத்த வட்டி 48 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 79 லட்சமாக எகிறும். மாறாக 15 வருடமாகச் சுருக்கினால் மாதம் 5,722 ரூபாய் அதிகம் கட்ட வேண்டும், மொத்த வட்டியில் 13 லட்சத்து 79 ஆயிரம் மிச்சம். நீண்ட காலக் கடனை எடுத்துக்கொண்டு அவ்வப்போது அசலில் கட்டிவரலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் விதிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் அப்படிக் கட்டும் ஒழுங்கு எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி.

வாடகை மாதம் 18 ஆயிரம் என்று வைப்போம். ஆள் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் காலியாக நிற்கும் என்று கொண்டால் வருடத்துக்கு 1 லட்சத்து 98 ஆயிரம். சொத்து வரி 8 ஆயிரம், பெயிண்ட், பிளம்பிங், தரகு எல்லாம் சேர்த்து 22 ஆயிரம் கழிந்தால் நிகரம் 1 லட்சத்து 68 ஆயிரம், அதாவது மாதம் 14 ஆயிரம். போட்ட 72 லட்சத்து 25 ஆயிரத்துக்கு இது 2.3 சதவீதம். வாடகை முழுதாக வந்தாலும் தவணையில் 45 சதவீதம்தான். 14 ஆயிரம் ரூபாய் தாங்கக்கூடிய கடன் எவ்வளவு என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால், 20 வருடத்துக்கு 16 லட்சத்து 74 ஆயிரம் என்று வரும். ‘வாடகையிலேயே தவணை’ என்பது உண்மையாக வேண்டுமானால், 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்குக் கையிலிருந்து 55 லட்சத்துக்கு மேல் போட வேண்டும்!

‘வாடகை போகட்டும், விலை ஏறுமே’ என்பார்கள். எவ்வளவு ஏற வேண்டும் என்றும் பார்த்துவிடலாம். சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம். கைப்பணம் 24.25 லட்சம், கட்டிய தவணை 24.09 லட்சம். வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்தால் ஐந்து வருட நிகர வாடகை 9.28 லட்சம். அதைக் கழித்தால் நம் கையிலிருந்து போனது 39 லட்சம். கடன் பாக்கி 42 லட்சம். விற்கும்போது தரகு 1 சதவீதம், நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். எல்லாம் போக வெறும் முதல் திரும்ப வேண்டுமானால் ஃபிளாட்டை 84 லட்சத்துக்கு விற்க வேண்டும். வருடத்துக்குச் சுமார் 7 சதவீத விலையேற்றம் இருந்தால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கையிலிருந்து போட்ட அதே பணம் வேறெங்காவது 7 சதவீதக் கூட்டு வட்டியில் வளர்ந்திருக்கும் என்று ஒப்பிட்டால், விற்பனை விலை 98 லட்சத்து 50 ஆயிரத்தைத் தொட வேண்டும். அதற்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். ஏறும் இடங்கள் உண்டு. மெட்ரோ தடம், புதிய பேருந்து நிலையம், தொழிற்பூங்கா என்று காரணம் சொல்ல முடிகிற இடங்கள் அவை. ஆனால் அந்தக் காரணங்களை விற்பவரும் அறிவார், விலையில் ஏற்கெனவே சேர்த்திருப்பார். அதோடு, அக்கம்பக்கத்தில் அதே கட்டுநர் இன்னும் 300 ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தால் ஐந்து வருடப் பழைய ஃபிளாட்டை விற்பவர் புது ஃபிளாட்டோடு போட்டியிட வேண்டும்.

இந்தக் கணக்கில் கட்டுமானக் காலத்தைச் சேர்க்கவே இல்லை. வேலை நடக்கும் இரண்டு வருடத்தில் சராசரியாகப் பாதிக் கடன், அதாவது 24 லட்சம், வெளியே நின்றால் வட்டி மட்டும் 3 லட்சத்து 84 ஆயிரம். அந்தக் காலத்தில் வாடகை கிடையாது, அசலும் குறையாது. சாவி ஒரு வருடம் தாமதமானால் அந்த வருடம் முழுக் கடனுக்கும் வட்டி ஓடும். ‘சாவி வரும்வரை வட்டியை நாங்கள் கட்டுகிறோம்’ என்ற திட்டங்களில் கடனாளி வாங்குபவர்தான், கட்டுநர் அல்ல. கட்டுநர் நிறுத்திவிட்டால் வங்கி கேட்பது வாங்கியவரைத்தான், கெடுவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண்தான். இப்படிப்பட்ட திட்டங்களுக்குக் கடன் தருவதைத் தவிர்க்குமாறு தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையிலேயே வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

வருமான வரிச் சலுகையைக் காட்டிச் சமாதானம் சொல்பவர்கள் பழைய வரி முறையிலேயே நிற்கிறார்கள். வாடகை வீட்டுக் கணக்கில் வாடகையிலிருந்து சொத்து வரியும், மீதியில் 30 சதவீத நிலைக்கழிவும், கடன் வட்டியும் கழிக்கலாம். நமது ஃபிளாட்டில் முதல் வருட வட்டி 3 லட்சத்து 80 ஆயிரம், ஆகவே 2 லட்சத்து 47 ஆயிரம் ‘நஷ்டம்’ வரும். பழைய முறையில் அதில் 2 லட்சத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு இது 62,400 ரூபாய் மிச்சம். புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது. இப்போது புதிய முறைதான் இயல்பாக இருப்பது. வேறு வேண்டுமென்றால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டியை வருமானத்தில் ஒருமுறை கழித்துவிட்டு, விற்கும்போது அதையே வாங்கிய விலையோடு சேர்த்து ஆதாயத்தைக் குறைத்துக் காட்டும் வழியையும் 2023 நிதிச் சட்டம் அடைத்துவிட்டது.

எங்கே கடன் வாங்குவது என்பதில் வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது, அந்த விகிதம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்), இணைந்தவை. ரெப்போ மாறினால் மூன்று மாதத்துக்குள் கடன் வட்டியும் மாற வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவை தம் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்து நடத்துகின்றன. ஏறும்போது சட்டென்று ஏறி, இறங்கும்போது மெல்ல இறங்குவது அங்கேதான் அதிகம். ரெப்போ 2025-இல் 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. பழைய நிதி நிறுவனக் கடன் வைத்திருப்பவர்கள் தங்கள் வட்டி எவ்வளவு இறங்கியது என்று எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ரெப்போ ஏறுவதும் வேகமாகத்தான். 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம். அதற்குச் சற்று முன் 48 லட்சத்தை 6.75 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கியவரின் தவணை 36,497. வட்டி 9.25 ஆனதும் 48 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 37,000. இடையில் அசல் கொஞ்சம் கழிந்திருந்தாலும், பழைய தவணை வட்டிக்கே எட்டவில்லை. பலருக்கும் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினார்கள். 20 வருடக் கடன் ஓய்வு வயதைத் தாண்டி ஓடியது அப்படித்தான். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடனாளியிடம் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதித்தது. கேட்கிறார்கள், குறுஞ்செய்தியில். பதில் அனுப்பாவிட்டால் நீட்டிப்புதான் நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம். முதலீட்டு ஃபிளாட் வாங்குபவர் இன்றைய வட்டிக்கு மேல் இரண்டரை சதவீதம் கூட்டி, அந்தத் தவணையைச் சம்பளம் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

கால் சதவீதம் குறைவு என்று கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வருட முடிவில் 42 லட்சம் பாக்கியை 8-லிருந்து 7.75-க்கு மாற்றினால் மாதம் 604 ரூபாய் மிச்சம். புது வங்கிக்கு மறுபடியும் பத்திர ஒப்படைப்புப் பதிவு, பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 42 ஆயிரம் ஆகிவிடும். அது திரும்பி வர ஏறக்குறைய ஆறு வருடம் வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் விற்க நினைப்பவர் மாற்றவே கூடாது. இருக்கும் வங்கியிடமே மாற்றுக் கட்டணம் கட்டி வட்டியைக் குறைக்கக் கேட்பது மலிவு. கடனோடு சேர்த்துக் கட்டும் ஒற்றைப் பிரீமியக் காப்பீடும் அப்படித்தான். ஒன்றரை லட்சம் பிரீமியத்தைக் கடனில் ஏற்றினால் 20 வருடத்தில் 3 லட்சம் கட்டி முடிப்போம். அது கட்டாயம் அல்ல. தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக் காட்டினால் போதும்.

சொந்த வீட்டை அடமானம் வைத்து முதலீட்டு ஃபிளாட்டுக்குக் கைப்பணம் திரட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொத்து அடமானக் கடனின் வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதல் என்பது சிறிய காரணம். ஃபிளாட் கைவிட்டுப் போனால் போகட்டும், குடியிருக்கும் வீடும் அதோடு கட்டப்பட்டிருப்பதுதான் பெரிய காரணம்.

போக்கியம் இன்னொரு வலை. வாடகைக்கு விடாமல் 12 லட்சம் போக்கியத்துக்கு விட்டு, அதை வைத்துக் கடனை அடைக்கலாம், அது வட்டியில்லாப் பணம்தானே என்கிறார்கள். வட்டி இல்லாமல் எப்படி? வருடம் 1 லட்சத்து 98 ஆயிரம் வாடகையை விட்டுக்கொடுக்கிறோம். 12 லட்சத்துக்கு அது 16.5 சதவீதம்! 8 சதவீதக் கடனை அடைக்க 16.5 சதவீதத்தில் கடன் வாங்குவதற்குச் சமம். மேலும், வங்கியில் அடமானம் உள்ள ஃபிளாட்டை வங்கி சம்மதம் இல்லாமல் போக்கியம் விடுவது கடன் ஒப்பந்தத்துக்கு எதிரானது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் வெறும் முத்திரைத்தாளோடு முடித்துவிடுகிறார்கள். தவணை நின்று வங்கி சர்ஃபேசி சட்டத்தில் (நீதிமன்ற வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்) ஃபிளாட்டை எடுக்க வரும்போது, உள்ளே இருக்கும் போக்கியதாரர் தன் 12 லட்சத்துக்கு அலைய வேண்டியிருக்கும். போக்கியத்துக்குப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் அடமானப் பதிவு அதில் தெரியும்.

பத்திர மதிப்பைக் குறைத்துப் போடும் பழக்கம் ‘செலவு மிச்சம்’ என்று சொல்லப்படுகிறது. சட்டவிரோதம் என்பதை ஒதுக்கிவைத்து லாபக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அது நிற்கவில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச வழிகாட்டி மதிப்பு அனுமதித்து, 60 லட்ச ஃபிளாட்டை 45 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் தீர்வையும் கட்டணமும் 6 சதவீதமாகி 2 லட்சத்து 70 ஆயிரம். மிச்சம் ஒன்றரை லட்சம். ஆனால் கடன் 45 லட்சத்தின் மேல்தான், 36 லட்சத்தோடு நின்றுவிடும். கையிலிருந்து 12 லட்சம் கூடுதலாகப் போக வேண்டும். விற்கும்போது வாங்கிய விலை 15 லட்சம் குறைவாகத் தெரிவதால் ஆதாய வரியே 1 லட்சத்து 95 ஆயிரம் கூடும். ஒன்றரை லட்சத்தை மிச்சம் பிடித்து ஏறக்குறைய இரண்டு லட்சம் கட்டுவது என்ன சாமர்த்தியமோ. சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறும் விற்பவருக்குப் பெற்ற அளவுக்கே அபராதம் உண்டு என்பது தனி. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. கட்டுநர் நினைவுபடுத்த மாட்டார், தாமதக் கட்டணம் மட்டும் வாங்கியவர் பெயரில் வரும்.

மனை வாங்குவோருக்குக் கணக்கு எளிது. வாடகை இல்லை, ஆகவே ஒவ்வொரு ரூபாயும் கையிலிருந்துதான். முத்திரையும் பதிவும் 9 சதவீதம். மனைக் கடன் மதிப்பில் 70 முதல் 80 சதவீதம் வரை, காலம் பெரும்பாலும் 15 வருடத்துக்குள், வட்டி கொஞ்சம் கூட. குறித்த காலத்தில் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைப் பல வங்கிகள் வைக்கின்றன. கட்டாவிட்டால் வட்டியை உயர்த்த ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கும். அங்கீகாரம் இல்லாத மனைக்குக் கடனும் இல்லை, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு பதிவும் சிக்கல். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டு, பின்னர் வரன்முறைப்படுத்தப்பட்ட மனைகள் வேறு வகை. அவற்றின் வரன்முறை ஆணையை மனை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், லேஅவுட்டின் ஆணையை மட்டும் காட்டினால் போதாது. மாதத் தவணையில் மனை தரும் திட்டங்களில் கடைசித் தவணை வரை பத்திரம் நம் பெயருக்கு வராது என்பதை மறக்கக் கூடாது.

வங்கி கடன் கொடுத்துவிட்டது, ஆகவே பத்திரம் சுத்தம் என்று நினைப்பது தவறு. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டாவில் உள்ள பெயர், விற்பவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, எல்லா ஃபிளாட்டுகளின் பிரிபடாத பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்துக்குச் சமமாக வருகிறதா என்பதையெல்லாம் நமக்காகப் பார்க்க நாமே ஒரு வக்கீலை வைக்க வேண்டும். ஐந்து முதல் பதினைந்தாயிரம் ரூபாய்ச் செலவு. 72 லட்சத்தில் இதுதான் மிகவும் மலிவான செலவு. ரெரா (வீடு-மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவுள்ள திட்டத்தில் விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நமது ஃபிளாட்டுக்கு அது 6 லட்சம். வெள்ளைத்தாள் ரசீதில் 12 லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

தங்கள் இணைப்பில் வரும் ஒவ்வொரு திட்ட அறிமுகத்திலும் ரெரா எண்ணோடு, சாவி வரை ஆகும் மொத்தச் செலவையும் ஒரு கட்டத்தில் அச்சிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். கடன் பக்கத்துக்கு ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதற்கும் வங்கியும் நிதி நிறுவனமும் கையெழுத்துக்கு முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். வட்டி, எல்லாக் கட்டணங்கள், காப்பீடு சேர்ந்த வருடாந்திர மொத்த விகிதமும், மாதவாரி அசல்-வட்டி அட்டவணையும் அதில் இருக்கும். கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, ஆகவே தமிழிலேயே கேட்கலாம். அறிக்கை கைக்கு வந்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்று எந்த விற்பனைப் பிரதிநிதியும் அந்த மூன்று நாளைக் குறைக்க முடியாது.

இப்படிக்கு,
வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.